சாவி திரும்பும் ஓசை

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஆற்றோர மீன்சந்தையில்
பகல் முழுக்க ரப்பர் பூட்ஸோடு நின்று
வயிறு கீறுகிறேன், செதில் சுரண்டுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் கடல்சிங்கங்கள்
குடலுக்காக வாய் பிளந்து கிடக்கும்.
அவற்றின் குணம் எனக்கு அத்துப்படி:
தின்றால் தூங்கும், தின்னாவிட்டால் கத்தும்.
அவ்வளவுதான்.

ரெனானுக்கு அப்படியொரு கணக்கு கிடையாது.

சாவி ஒரே சுற்றில் திரும்பினால்
இரவுச் சாப்பாட்டில் பேச்சு இருக்கும்,
படகு எஞ்சினைப் பற்றி, முதலாளியின் தொப்பியைப் பற்றி.
இரண்டு முறை தடவித் திரும்பினால்
ரேடியோவை அணைப்பேன்.
அடுப்பில் விறகைக்கூட
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பேன்.
சாவியே ஒலிக்காத நாட்களும் உண்டு.
கதவுக்கு வெளியே, மழையில், அரைமணி நேரம்
சும்மா நிற்பான்.
திறந்தால், ஏன் திறந்தாய்.
திறக்காவிட்டால், ஏன் திறக்கவில்லை.

போன மார்ச்சில் சூப்பில் உப்பு கூடிவிட்டது.
தட்டு சுவருக்குப் போனது.
என்மேல் அல்ல, சுவர்மேல்.
இந்த வித்தியாசத்தை நானே
எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அவனுடைய வக்கீலைப்போல.

அன்று பின்னிரவு மூன்று மணிக்கு
ரொட்டி வாசனையில் விழித்தேன்.
பன்னிரண்டு சுட்டு அடுக்கியிருந்தான்.
முழங்கைவரை மாவு, முகமெல்லாம் கண்ணீர்.
"நான் ஏன் இப்படி இருக்கிறேன், ஒதிலியா?"
நிஜமாகவே கேட்டான். அதுதான் கஷ்டம்.
நல்ல ரொட்டி. வெண்ணெய் தடவித் தின்றேன்.
சுவரில் காரட் காய்ந்துகொண்டிருந்தது.

கெட்டவன் என்று சொல்ல நா எழவில்லை.
என் அம்மா படுக்கையில் கிடந்த ஏழு வாரமும்
காகிதம் விரித்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து
அவளுக்கு நகம் வெட்டிவிட்டவன்.
இதைச் சொன்னால் யாஸ்னா,
பக்கத்துக் கடையில் சிப்பி விற்பவள்,
கத்தியை நிறுத்தாமலே சொல்வாள்:
"நகம் நகம். தட்டு தட்டு.
ஒன்றை ஒன்றில் கழிக்காதே."

ஆகஸ்டில் முதுகுவலிக்காகக் கிளினிக் போனேன்.
"எப்படி இருக்கிறீர்கள்?" என்றாள் நர்ஸ்.
"இன்றைக்கு நன்றாக இருக்கிறான்" என்றேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
"நான் உங்களைக் கேட்டேன்."

ஜன்னலைப் பார்த்தேன்.
பாடத்தில் இல்லாத கேள்வி வந்த
பரீட்சைபோல் இருந்தது.
சூப்பில் எனக்கு எவ்வளவு உப்பு வேண்டும்
என்பதுகூடச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

நல்ல நாளில் சொல்ல மனம் வராது,
கெட்ட நாளில் சொல்ல வாய் வராது.
இப்படியே ஒன்பது வருஷம் போயிருந்தது.
இரண்டும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
உருளைக்கிழங்கு உரித்தபடியே சொன்னேன்:
வியாழன்தோறும் நீ அந்த டாக்டரிடம் போகிறாய்.
பஸ்ஸில் வாசல்வரை வருவேன், உள்ளே வரமாட்டேன்.
யாஸ்னா வீட்டில் என் பை ஒன்று இருக்கிறது,
இரண்டு உடுப்பு, அடையாள அட்டை, கொஞ்சம் பணம்.
இனித் தட்டு அசைந்தால் அங்கே போய்விடுவேன்.
ரொட்டி வேகும்வரை காத்திருக்கமாட்டேன்.

வெகுநேரம் தோலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"சுட்டால்?" என்றான்.
"சுடு. ஆறட்டும். காலையில் வந்து தின்கிறேன்."

மூன்று வியாழன் போனான்.
நான்காவது போகவில்லை. ஐந்தாவது போனான்.
பையை இரண்டு தடவை பிரித்தேன்,
யாஸ்னாவின் சோபா குட்டை, கால் வெளியே நீட்டும்.
அங்கே தூங்கும்போது என் காது
எந்தக் கதவையும் கேட்கவில்லை என்பதை
ரெனானிடம் சொல்லவில்லை.
எனக்கே சொல்லிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

இன்றிரவு சாவி
ஒருமுறை தடவுகிறது. இன்னொரு முறை.
ரேடியோவில் யாரோ
ஆற்றின் நீர்மட்டம் வாசிக்கிறார்கள்.
கை தானாகப் பொத்தானுக்குப் போய்
பாதியில் நிற்கிறது.

உப்பு டப்பாவை எடுக்கிறேன்.
கொஞ்சம் போட்டு, ருசி பார்த்து,
இன்னும் கொஞ்சம்.